தொட்டால் சரியாகும் பழுது

ஊரில் அவருக்கு டிக்டிக் என்றுதான் பெயர். பழைய டிராக்டர்களுக்கு ஒயரிங் பார்ப்பவர். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் போன் செய்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "சாவியத் திருப்பினா டிக்குனு ஒரு தடவை கேக்குதா, டிக்டிக்டிக்குனு அடிச்சுக்குதா, இல்ல சத்தமே இல்லையா?"

ஒரே ஒரு டிக் என்றால் கோளாறு ஸ்டார்ட்டர் மோட்டாரில். விடாமல் அடித்துக்கொண்டால் பேட்டரியில் உயிர் இல்லை, அல்லது எர்த் ஒயர் எங்கோ தளர்ந்திருக்கிறது. சத்தமே இல்லாவிட்டால் கரண்ட் சாவியைத் தாண்டி வரவேயில்லை. பாதி வண்டிகளுக்கு இந்தக் கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும். எர்த் ஒயரைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, திரும்ப முறுக்கு என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார். கூலி என்ற பேச்சே வராது. "போன்லயே வைத்தியம் பாத்தா அடுப்பும் போன்லயா எரியும்?" என்பாள் மனைவி. அவர் சிரிப்பார். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவளும் துணி தைத்துச் சம்பாதித்தாள்.

வீட்டின் முன்னறையை ஒரு பிளைவுட் தடுப்பு இரண்டாக்கியிருந்தது. அந்தப் பக்கம் அவருடைய பேட்டரி சார்ஜர், சுவர் ஆணிகளில் தொங்கும் ஒயர் சுருள்கள், கழற்றிப் போட்ட டைனமோக்கள். இந்தப் பக்கம் அவளுடைய தையல் மெஷின், துணிப் பைகள், ஊசிகள் குத்திய ஒரு பழைய தலையணை. ஈயம் உருகும் வாசனை இந்தப் பக்கம் வரும். நூல் பிசிறுகள் அந்தப் பக்கம் போகும். அவர் தலைமுடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் நூல் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிடுவது அவள் வேலை.

வண்டியிடம் நேரில் போனாலும் அவர் முதலில் பானட்டைத் திறக்க மாட்டார். சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்புவார். டிக் என்ற சத்தம் கனமாக விழுகிறதா, மெலிதாகவா, அடியிலிருந்து வருகிறதா, முன்னாலிருந்தா என்று கேட்டுக்கொள்வார். பிறகு இறங்கி நேராகப் பழுதின் மேல் கை வைப்பார். அவர் பிழைப்பு முழுக்க அந்தக் காதில்தான் இருந்தது.

அந்தக் காது போய்க்கொண்டிருப்பதை முதலில் கண்டுகொண்டவள் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தவள்தான். பக்கத்தில் போன் அடிக்க, அவர் பாட்டுக்கு ஒயர் சீவிக்கொண்டிருந்தார். வெளியூரில் குடும்பமாக இருக்கும் மகள் கூப்பிட்டால், "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பார், அவள் வாயைத் திறப்பதற்குள், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நீட்டிவிடுவார். முன்பெல்லாம் பேரப்பிள்ளையின் பல் வரை விசாரித்தவர். வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதிலைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்: "சரி, பாத்துக்கலாம்." அரிசி தீர்ந்துவிட்டது என்றாலும் அதுதான். குழாய் ஒழுகுகிறது என்றாலும் அதுதான். பல சமயம் அது பொருந்தவும் செய்தது.

ஒருநாள் மத்தியானம் ஊசியில் நூல் கோத்தபடி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாதாரணக் குரலில் சொல்லிப் பார்த்தாள். "நான் உங்கள விட்டுட்டுப் போறேன்."

"சரி, பாத்துக்கலாம்" என்றார் அவர் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்தபிறகு அந்த நூல் ஊசிக் காதில் நுழைய வெகுநேரம் ஆயிற்று.

டாக்டரிடம் போகலாம் என்று ஜாடைமாடையாகச் சொன்னாள். காதில் அழுக்கு, எண்ணெய் விட்டால் போய்விடும் என்றார் அவர். அதன்பிறகு அவளும் பேச்சை எடுக்கவில்லை. கை நிறையச் சாமான் சுமந்து வரும் மனிதரை இடித்துவிடக் கூடாது என்பது போல அவரிடம் கொஞ்சம் சுற்றிப் போகப் பழகிக்கொண்டாள். அவருக்கு வலது பக்கம் பரவாயில்லை என்று தெரிந்ததும் சாப்பிடும்போது வலது பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்குத் தீராத எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: அவருடைய ஸ்கூட்டரின் இடப்பக்கக் கண்ணாடி ரோட்டைப் பார்க்காமல் உள்பக்கமாகத் திரும்பிக்கிடந்தது. எவன் வண்டியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் கை துறுதுறுக்கும் மனிதர், தன் வண்டிக் கண்ணாடியை மட்டும் சரிசெய்யாமல் விட்டுவைத்திருந்தார். அதைச் சொன்னாலும் பாத்துக்கலாம்தான்.

பாத்துக்கொள்ள முடியாத ஒன்று தண்ணீர் டேங்கர்காரரால் வந்தது. டிராக்டரில் டேங்கரை மாட்டி வீடுகளுக்குத் தண்ணீர் கொடுப்பவர் அவர். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டிருந்தார். டிக்டிக் வழக்கம்போல சீட்டில் ஏறிக் கண்ணை மூடினார். ஒரு டிக் கேட்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று சொல்லி, அதைக் கழற்றி, உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்றக் கொடுத்து, வாங்கி வந்து மாட்டினார். வண்டி அப்படியே நின்றது. தெரு முழுக்கக் காலிக் குடங்கள். கடைசியில் வழியில் போன லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து, எர்த் ஒயரின் நட்டை ஒரு முறுக்கு முறுக்கினார். வண்டி கிளம்பிவிட்டது. அந்த வண்டி ஆரம்பத்திலிருந்தே டிக்டிக்டிக் என்று அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முதலில் விழுந்த பெரிய டிக் மட்டும் அவர் காதுக்கு எட்டியது; பின்னால் வந்த சின்னச் சின்ன டிக்குகள் எட்டவில்லை.

டேங்கர்காரர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் அதை ஒரு கதையாக்கிவிட்டார். டீக்கடையில், மண்டி வாசலில், "டிக்டிக்குக்கு இப்ப ஒரு டிக் குறையுது" என்று சொல்லிச் சிரித்தார். கேட்டவர்களும் சிரித்தார்கள். போன்கள் குறைந்தன.

முட்டி வலிக்கிறது, இனி வண்டிமேல் ஏறி இறங்க முடியாது, தொழிலை நிறுத்திக்கொள்கிறேன் என்றார் அவர் மனைவியிடம். முந்தின நாள்தான் ஏணி போட்டு ஏறிக் கூரைத் தகரத்தைச் சரிசெய்திருந்தார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து, இருக்கிற ஒயர்களையெல்லாம் பிரித்துப் பிரித்துச் சுற்றிவைத்தார். சுற்றி முடித்ததும் மறுபடி பிரித்தார். காதைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வேலை இல்லாவிட்டால் இந்த மனிதர் அந்த நாற்காலியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோய்விடுவார்.

நாற்றுப் பண்ணைக்காரி கூப்பிட்ட அன்று போனை எடுத்தது மனைவிதான். ஊருக்கு வெளியே பூச்செடி, மரக்கன்று எல்லாம் வளர்த்து விற்கிற பெண் அவள். மண்ணும் எருவும் இழுக்க ஒரு பழைய டிராக்டர் வைத்திருந்தாள். காலையில் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகிறது, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி கிளம்ப மாட்டேனென்கிறது என்றாள்.

தையல்காரிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ வருஷமாகக் கேட்ட கேள்வி அவள் வாயில் தானாக வந்தது. "டிக்குனு ஒரு தடவையா, அடிச்சுக்குதா, சத்தமே இல்லையா?"

"தெரியலையே அக்கா. பாக்க வர்றவங்க குனிஞ்சு ஒயரத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆயிடுது. ஒண்ணுமில்லையேம்மான்னுட்டு போயிடறாங்க. அவங்க வாசல் தாண்டினதும் பழையபடி ஆயிடுது."

"வரச் சொல்றேன்."

விஷயம் தெரிந்ததும் அவர் கொதித்தார். "யாரைக் கேட்டு வரேன்னு சொன்ன?"

"எனக்கு அங்க ஒரு செடி வாங்கணும். எப்படியும் போகணும். உங்க பெட்டியும் கூட வரட்டுமே."

அவளுக்குச் செடி என்றாலே ஆகாது. இருந்த ஒரே தொட்டியிலும் கத்தரிக்கோல்களைக் குத்தி வைத்திருந்தாள். இது அவருக்கும் தெரியும். அவர் அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெட்டியை எடுத்தார்.

பண்ணை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார். "நீ டிராக்டர் பக்கத்துலயே நிப்பியா?"

"செடி அங்க இருந்தா நிக்கறேன்."

"ஒரு தடவைன்னா ஒரு விரல்" என்றார் அவர், பெட்டியின் கொக்கியைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டு. "அடிச்சுக்கிட்டா கைய விரி."

அந்த டாக்டர் பேச்சுக்குப் பிறகு காதைப் பற்றி இருவரும் பேசியது அவ்வளவுதான்.

டிராக்டர் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே நின்றது. நீல நிறம் போய்த் துருவும் எண்ணெயுமாக இருந்தது. உள்ளே பார்த்ததும் அவருக்குப் பெருமூச்சு வந்தது. வந்து போன ஒவ்வொருவரும் தங்கள் கைவேலையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிவப்பு ஒயர் பாதி தூரம் போய்க் கறுப்பாகிறது, கறுப்பு வீட்டு மின்விசிறியின் ஒயராகிறது. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்புக் கம்பிச் சுற்று. யாரோ ஒருவர் டேஷ்போர்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு ரிலே வைத்திருந்தார். தீப்பெட்டி அளவு பெட்டி, சாவியிலிருந்து வருகிற சின்ன கரண்டை வாங்கிக்கொண்டு ஸ்டார்ட்டருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடுவது. "இது என்னம்மா, ஒயரிங்கா, ஊர்ப் பஞ்சாயத்தா? ஆளுக்கொண்ணு பேசியிருக்காங்க" என்றார். பண்ணைக்காரி சிரித்தாள். அவர் வேடிக்கை பேசி வெகுநாள் ஆகிறது என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

பேட்டரி நன்றாக இருந்தது. எர்த் ஒயரை அவர் முதலிலேயே பார்த்துவிட்டார், ஒருமுறைக்கு இருமுறை. சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அதை அப்படியே எரு இழுக்க அனுப்பினார். பண்ணைக்காரி ஓட்டினாள். நன்றாகச் சூடேறியதும் பந்தலுக்குத் திரும்ப வந்து நிறுத்தினாள்.

"இனிமே யாரும் எதையும் தொடக் கூடாது" என்றார் அவர். "தொட்டா சரியாகிற பழுது இது. தொடாமத்தான் பிடிக்கணும்."

சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. எஞ்சினை ஒட்டிய மரப்பலகையில் செடிகள் வரிசையாக இருந்தன. மனைவி அங்கே கையில் ஒரு சின்னத் தொட்டியை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பது போல நின்றாள். அவர் சாவியைத் திருப்பினார்.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வலையில் காற்று அலையும் இரைச்சல்கூட இல்லை. மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு விரலைத் தூக்கினாள்.

ஒரு டிக். ஸ்டார்ட்டர் மோட்டார். கழற்ற வேண்டும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். ஆனால் மனைவி விரலைத் தூக்கியபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இல்லை, இல்லை என்பது போல. தொட்டி வைத்திருந்த கையால் எதையோ காட்டப் பார்த்தாள், முடியவில்லை. அவர்கள் பேசி வைத்திருந்தது ஒன்றா, பலவா என்பதற்கு மட்டும்தான். அதற்கு மேல் எதற்கும் அவர்களிடம் சைகை இல்லை.

"என்னண்ணா, கேட்டுச்சா?" என்று பண்ணைக்காரி முன்னால் வந்து கேட்டாள்.

அது அவருக்குப் புரிந்தது. அவள் எதிரில் நின்றிருந்தாள், வாயசைவு தெரிந்தது. கேட்டது என்று சொல்லிவிடலாம். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போகலாம். அது பொய்த்தால் டேங்கர்காரருக்கு இன்னொரு கதை கிடைக்கும். அதற்கப்புறம் வீட்டில் ஒயர் சுற்றலாம். அவர் கை ஸ்டியரிங்கின் மேல் இருந்தது. கட்டைவிரலால் அதிலிருந்த காய்ந்த சேற்றை ஒருமுறை சுரண்டினார்.

"எனக்குக் கேக்கலைம்மா" என்றார். "காது போயிடுச்சு. இவதான் கேட்டு சொல்வா." பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "கிட்ட வா. எப்படி இருந்துச்சு, சொல்லு" என்றார்.

தொட்டியைக் கீழே வைப்பதற்குக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அணைத்துப் பிடித்தபடியே வந்து அவருக்கு வலது பக்கமாக நின்றாள். "ஒரு தடவைதான். ஆனா கீழேர்ந்து வரல. இங்கேர்ந்து வந்துச்சு" என்று டேஷ்போர்டைக் காட்டினாள். "சின்ன சத்தம். மெஷின்ல அடி நூல் தீந்துபோனா ஊசி பாட்டுக்கு இறங்கும், தையல் விழாது பாருங்க. அந்த மாதிரி வெறும் சத்தம்."

"கீழ ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

"இன்னொரு தடவை கேளு."

சாவியைத் திருப்பினார். அவள் டேஷ்போர்டின் பக்கம் தலையைச் சாய்த்தாள், பிறகு கீழே ஸ்டார்ட்டரின் பக்கம் குனிந்தாள். எதையும் தொடாமல் நிமிர்ந்தாள். "இங்க மட்டும்தான்."

அவர் முகத்தில் ஏதோ இளகியது. மேலே டிக் என்றது ரிலே. அது தன் வேலையைச் செய்கிறது. கீழே ஸ்டார்ட்டருக்குச் செய்தியே போகவில்லை. அப்படியென்றால் மோட்டாரில் கோளாறு இல்லை. சாவியிலும் இல்லை. ரிலேக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே ஓடுகிற ஒரே ஒரு ஒயரில்தான் இருக்கிறது. இறங்கி வந்து அந்த ஒயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். எஞ்சினின் ஓரமாக, சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி அது ஓடியது. நடுவில் ஓரிடத்தில் டேப் சுற்றிப் புடைத்திருந்தது. கை வைக்கவில்லை. நுனியில் ஊசி வைத்த, கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். மனைவியைச் சீட்டில் ஏற்றிச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். புடைப்புக்கு மேலே ஒயரில் ஊசியை மெல்லக் குத்தினார். லேம்ப் எரிந்தது. புடைப்புக்குக் கீழே குத்தினார். எரியவில்லை.

டேப்பைப் பிரித்தார். கறுப்பு டேப்புக்கு அடியில் பச்சை டேப், அதற்கு அடியில் ஒரு துணிக் கிழிசல். உள்ளே இரண்டு ஒயர்களை ஈயம் வைக்காமல் வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். செம்பு பச்சை பிடித்துப் பூத்திருந்தது. சூடேறினால் அந்த முறுக்கு நெகிழ்ந்துகொள்கிறது. ஆறினாலோ, யாராவது கை வைத்து அசைத்தாலோ மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

அந்த ஒயரை முழுசாக எடுத்துவிட்டு, புதிய ஒயர் ஒன்றைச் சைலன்சருக்கு எட்டாத வழியாகக் கொண்டுபோய், முனைகளில் ஈயம் வைத்தார். ஃப்யூஸ் இடத்தில் இருந்த கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உண்மையான ஃப்யூஸ் மாட்டினார். வண்டியை இன்னொரு தடவை எரு இழுக்க அனுப்பி, சூடேற்றி, நிறுத்தி, சாவியைத் திருப்பச் சொன்னார். கிளம்பியது. நிறுத்தித் திருப்பினாலும் கிளம்பியது. ஒவ்வொரு முறையும் அவர் மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். அந்த உறுமல் மட்டும் அவருக்குக் கையில் நன்றாகக் கேட்டது.

பண்ணைக்காரி காது விஷயத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "இனிமே போன் பண்ணா அக்காகிட்டதான் பேசணும், அவ்வளவுதானே?" என்றாள். பிறகு தையல்காரி இன்னமும் இடுப்பில் வைத்திருந்த தொட்டியைப் பார்த்து, "அது வெறும் களைச்செடி அக்கா. மண்ணுக்காக வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, நல்லதாக ஒரு செடியை எடுக்கப் போனாள். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாத செடியாகப் பார்த்துக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் தையல்காரி.

திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. மடியில் செடியை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் லாரிகளின் இரைச்சல். அவரிடம் எதையும் சத்தம் போட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்" என்றாள்.

"சரி, பாத்துக்கலாம்" என்றார் அவர்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. "நான் என்ன சொன்னேன்?"

"டாக்டர்கிட்ட போகணும்னு சொன்ன."

அவள் திகைத்துப்போனாள். "இந்த இரைச்சல்ல கேட்டுச்சா?"

அவர் தலையை மட்டும் லேசாக இடப்பக்கம் அசைத்தார். அந்தக் கண்ணாடி வழக்கம்போல ரோட்டைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பியிருந்தது. அதில் அவள் முகம் முழுசாக இருந்தது, வாயும் கண்ணும், ஒரு இலையின் நுனியும்.

எத்தனை மாதமாக அதைச் சரிசெய்யச் சொல்லி நச்சரித்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் அவர் அவள் வாயசைவையெல்லாம் அதில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். தையல் மெஷின் முன்னால் மட்டும்தான் கண்ணாடி இல்லை.

"ஒருநாள் மத்தியானம் நான் ஒண்ணு சொன்னேன்" என்றாள், கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "நூல் கோத்துக்கிட்டே."

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. நூல் தீந்துபோச்சுன்னு."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது போல. அவர் தலைமுடியில் ஒரு மஞ்சள் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அதை எடுத்துவிட்டு, கையை அவர் தோளிலேயே வைத்துக்கொண்டாள்.